டாக்டர் பெயரில் வந்த பெட்டி

பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். டெலிவரி ஆட்களைக் கேட்டால் ஒரே வீடுதான் என்பார்கள். அது என் வீடு.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். போல்ட், நட், வாஷர், எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்டர். யார் வாங்கியது, எந்த ஷிஃப்ட், கையெழுத்து எங்கே. கம்பெனி எங்களில் பாதிப் பேருக்கு மாலை போட்டு அனுப்பியபோது, இனி இந்த ஜென்மத்தில் ரிஜிஸ்டரைத் தொடமாட்டேன் என்று மனைவியிடம் சபதம் செய்தேன். அதே நாளில் சிகரெட்டை விடுவதாகவும் சபதம் செய்தேன். ரிஜிஸ்டர் விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டையும் மாற்றிக் கடைப்பிடித்திருக்கலாம்.

பகலில் எங்கள் தெருவைப் பார்த்தால் ஊரே காலி செய்துவிட்டுப் போனது போல இருக்கும். பாதிப் பேர் ஐ.டி., மீதிப் பேர் எஸ்டேட்டோ கடையோ. எல்லாரும் எதையாவது ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள், வாங்கி வைக்க ஆள் இல்லை. நான் இருந்தேன். கீழ் வீடு, கேட்டை ஒட்டிய நாற்காலி, வேலை கிடையாது, வாய் உண்டு. முதலில் எதிர் வீட்டுக்காரர் ஒரு மிக்ஸி ஜாருக்காக என் கதவு எண்ணையும் போன் நம்பரையும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். அடுத்தவர் கேட்காமலேயே போட்டார். ஒரு வருஷத்தில் தெருவே போட ஆரம்பித்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில் ஒரு இரும்பு ரேக் வைத்தேன். வரும் பெட்டிகளை அதில் அடுக்கி, சாயங்காலம் வருகிறவர்களிடம் முகம் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். எல்லாம் நினைவில் இருந்தது. எழுதி வைக்கவில்லை.

எனக்கு ஒரு அசிஸ்டென்ட் உண்டு. வெளிர் பழுப்பு நிறத்தில், ஒரு காது மடிந்த, நாட்டு நாய். ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரையிலிருந்து என் மனைவியின் பின்னாலேயே வந்து வீட்டுக்குள் நுழைந்தது, பிறகு போகவில்லை. காவலுக்கு அது லாயக்கில்லை. டெலிவரி ஆட்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு பொறை வாங்கிக்கொண்டுதான் எங்கள் கேட்டுக்கு வருவார்கள். அதனால் முதுகில் பை மாட்டிய மனிதன் யாராக இருந்தாலும் அதற்குச் சொந்தக்காரன். பைக் சத்தம் கேட்டதும் உடம்பையே வாலாக்கி ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடும். திருடன் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்தால் போதும் என்று நான் எல்லாரிடமும் ஜோக் அடித்திருக்கிறேன்.

மேல் வீட்டில் ஒரு புதுமணத் தம்பதியும், பையனின் அம்மாவும் குடியிருந்தார்கள். விருதுநகர்ப் பக்கம். பையன் வாரத்தில் நான்கு நாள் பெங்களூரில். அந்தப் பெண்ணுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மாமியார் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு ஒரே ஒரு பழக்கம்: வீட்டுக்கு வரும் எந்தப் பொட்டலத்தையும் அவர்தான் பிரிக்க வேண்டும். பால்கனியில் கத்தரிக்கோலோடு நின்றிருப்பார்.

ஒருநாள் காலையில் அந்தப் பெண் குப்பைக் கூடையோடு கீழே வந்தாள். குப்பை வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நாய்க்கு மீந்த இட்லியை வைத்துவிட்டு, போகாமல் படியிலேயே நின்றாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, பத்தாவது படிக்கும்போதிலிருந்து தனக்கு வலிப்பு உண்டு என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டால் ஒன்றுமில்லையாம். ஏழு வருஷமாக வந்ததே இல்லையாம்.

"அவருக்குத் தெரியும் அங்கிள். சொல்லித்தான் கல்யாணம் பண்ணோம். அத்தைக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா என்னைய வீட்ல வச்சிருக்க மாட்டாங்க."

மாத்திரைப் பெட்டியை என் ரேக்குக்கு வரவழைக்க வேண்டும், அதுவும் பெட்டியின் மேல் அவள் பெயர் இல்லாமல். இதுதான் கோரிக்கை. மருந்துச் சீட்டில் அவள் பெயர் இருக்கும், மேலே ஒட்டும் சீட்டில் வேறு ஏதாவது பெயர் போட்டுக்கொள்ளலாம் என்றாள். என்ன பெயர் போடலாம் என்று கேட்டாள். கேட்டிருக்கக்கூடாத ஆளிடம் கேட்டாள். நான் பழைய நாடகங்களில் வரும் ஜமீன்தார் போல ஒரு ஆண் பெயரைச் சொன்னேன். முன்னால் இரண்டு இனிஷியல். போதாது என்று அதற்கும் முன்னால் 'டாக்டர்' என்று ஒரு பட்டம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு சின்னப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்ட திருப்தியில் அன்று முழுவதும் விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

மாதாமாதம் டாக்டர் பெயரில் ஒரு சின்னப் பெட்டி வரும். என் வீட்டுக் கறிவேப்பிலைக் கொத்துகளுக்கு அடியில் அதை வைத்து, ஒரு துணிப்பையில் அவளிடம் கொடுத்துவிடுவேன். மாமியார் மேலேயிருந்து, இன்னைக்குக் கறிவேப்பிலை நல்லா இருக்கே என்பார். ஏழெட்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரே விலாசம், முப்பது பெயர். அதில் ஒரு டாக்டர், அவருக்கு மாதாமாதம் மாத்திரை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

யோசிக்க வைக்கும் விஷயங்கள் நடக்காமல் இல்லை. போன வருஷம் ஆடி மாதம், காற்று ஏரிப் பக்கமிருந்து தெரு முழுக்க மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த வாரம். எதிர்ச் சுவர் ஓரமாக ஒரு பைக் மூன்று நாளாக வந்து நின்றது. அதில் சாய்ந்தபடி ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருப்பார். வெயிலில் ஹெல்மெட்டோடு நிற்கிறாரே, மூளையைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற ஆள் போல, என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொள்ளச் சொன்னாள். அடுத்த நாள் டீக்கடைக்காரர், உங்க வீட்ல டாக்டர் யாராவது இருக்காங்களான்னு ஒருத்தர் விசாரிச்சார் சார் என்றார். மூன்றாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன்.

"டாக்டர் சார் இருக்காருங்களா?"

யாரோ டெலிவரி ஆள் என்று நினைத்தேன். "ஆபரேஷன்ல இருக்கார். அரை மணி கழிச்சுக் கூப்பிடுங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் துண்டித்துவிட்டார்கள். நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்தரை மணி. மனைவி அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள், கிளம்பிப் போய்விட்டாள். கேட்டில் பைக் சத்தம். முதுகில் மஞ்சள் பை மாட்டிய ஒருவர், கையில் ஒரு பெட்டி. நாய் வழக்கம்போல ஓடியது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டின் தாழ்ப்பாளை நானேதான் நீக்கினேன்.

பையோடு வந்தவருக்குப் பின்னால், சுவரை ஒட்டி இன்னும் மூன்று பேர் குனிந்து நின்றிருந்தார்கள். ஒருவர் தோளால் கேட்டை மோதித் தள்ளினார். நாய் அப்போதுதான் பையை முகர்வதற்காக எக்கி நின்றது. அது தூணுக்கும் கேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இடுப்பு. அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று எழுதப் பார்த்தேன். மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். வேண்டாம்.

போலீஸ் என்று எனக்குப் புரிவதற்கு முன்பே என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மஃப்டியில் இருந்தவர்களில் இளையவர்தான் எஸ்.ஐ. கூட ஒரு வயதான ஏட்டு, இரண்டு கான்ஸ்டபிள்கள். நாய் முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு போய் ரேக்குக்கு அடியில் படுத்தது. சிமெண்டுத் தரையில் ஒரு ஈரக்கோடு. வாயோரம் ரத்தம். அது குரைக்கவில்லை, அழவும் இல்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தது.

சர்ச் வாரண்ட் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாயாடி என்று பெயர் எடுத்தவன் நான்.

ரேக்கில் அன்று பதினோரு பெட்டிகள் இருந்தன. பதினோரு பெயர்கள். எஸ்.ஐ. ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏட்டு மெதுவாகச் சொன்னார்:

"இன்னா நைனா இது. ஊடா, குடோனா? ஒரே ஆளு, பதினோரு பேரு வெச்சிக்கினு கீறே."

விளக்கினேன். தெரு வழக்கம், மிக்ஸி ஜார், எதிர் வீட்டுக்காரர், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. ரிஜிஸ்டர் இருக்கா என்றார் எஸ்.ஐ. இல்லை என்றேன். முன்னால் என்ன வேலை என்றார். ஸ்டோர்ஸ் என்றேன். ஸ்டோர்ஸ்ல இருந்தவன் ரிஜிஸ்டர் இல்லாம சரக்கு வாங்கி, சரக்கு குடுக்கறான், இத நான் நம்பணும், என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார்கள். தலைக்கு அடிக்கும் மை, உள்ளாடை, குழந்தைக்குப் பால் கொடுக்க முடியாத தாய்மார்களுக்கான ஒரு சாதனம், வழுக்கைக்கு எண்ணெய். மூன்று வருஷமாக நான் குலுக்கிக்கூடப் பார்க்காத பெட்டிகள். தெருவின் அந்தரங்கம் முழுவதும் என் வீட்டு வாசலில் பரப்பிக் கிடந்தது. வீட்டுக்குள் மெத்தையைக் கீறினார்கள், அரிசி டப்பாவைக் கவிழ்த்தார்கள், சாம்பார்ப் பொடியை விரலில் தொட்டு முகர்ந்தார்கள். கிடைத்த மாத்திரை என் பிரஷர் மாத்திரை ஒன்றுதான். அவர்கள் தேடியது அங்கே இல்லை. அந்த மாதப் பெட்டி முந்தாநாளே கறிவேப்பிலையோடு மேலே போய்விட்டது.

எஸ்.ஐ. தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கரையான்சாவடிப் பக்கம் ஏதோ ஒரு கூரியர் குடோனில் எடுத்ததாம். பெட்டி, அதன் மேல் என் கதவு எண், என் போன் நம்பர், என் டாக்டர். போதைக்குப் பயன்படுகிற வகை மாத்திரை, மாதாமாதம் ஒரே விலாசத்துக்கு, வாங்குகிற ஆளின் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. பொட்டலத்தை அனுப்பிய மருந்துக் கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும் விஷயம். அவர்கள் எனக்குத்தான் போன் போட்டார்கள். நான் டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார் என்றேன்.

"டாக்டர் யாரு?"

"அப்படி யாரும் இல்ல சார். அது சும்மா வெச்ச பேரு."

"வெச்சது யாரு?"

"நான்தான்."

எஸ்.ஐ. ஏட்டைத் திரும்பிப் பார்த்தார். என்னிடமிருந்து இவ்வளவு சுருக்கமான வாக்குமூலம் அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

மாத்திரை யாருக்கு என்ற கேள்வி அடுத்து வந்தது. மாடிப்படி என் தலைக்கு நேர் மேலே இருந்தது. மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் வேலை பார்க்கும் நாற்காலி. எனக்குத்தான் என்றேன். இதை மட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும், என் பக்கத்தில் வைக்க என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

"மாத்திரை பேரு சொல்லு."

தெரியவில்லை.

"எதுக்கு சாப்பிடறே?"

"தூக்கம் வர்றதுக்கு சார்."

"எங்க இருக்கு?"

"தீந்துபோச்சு."

"முந்தாநாள் வந்துச்சு. இன்னிக்கு தீந்துபோச்சு. மொத்தத்தையும் முழுங்கிட்டு உக்காந்து என்கிட்ட பேசிட்டிருக்கே."

ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார். அந்த இடத்தில் சிரிப்பு வாங்கிக் கொடுத்த ஒரே வசனம் அதுதான், அதுவும் என்னுடையது இல்லை.

நாயின் விலா வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே தொங்கி, ரத்தமும் எச்சிலுமாகத் தரையில் வழிந்தது. கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து எத்தனை கேள்வி வேண்டுமானாலும் பதில் சொல்கிறேன் என்றேன். எஸ்.ஐ. மணிக்கட்டைப் பார்த்தார்.

"யாருக்குன்னு சொல்லு. சொல்லிட்டு நாயைத் தூக்கிட்டு போயிட்டே இரு. உன்ன யாரும் புடிச்சு வெக்கல."

சுவரில் கடிகாரம் இருந்தது. பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று இருபத்தைந்து வரை நான் வாயைத் திறக்கவில்லை. இருபது நிமிஷம். ஒருபக்கம் அந்தப் பெண்ணின் ஏழு வருஷம், இன்னொரு பக்கம் ரேக்குக்கு அடியில் ஏறி இறங்கும் அந்த விலா. சத்தமில்லாமல் படியேறி அவளிடமே கேட்டுவிட்டு வரலாம் என்றுகூட நினைத்தேன். அம்மா, உன்னைச் சொல்லட்டுமா, இல்லை இது சாகட்டுமா என்று. ஏட்டு போய் ரேக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாயைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். குரலில் இரக்கம்தான் இருந்தது.

"பூடும் போல கீது நைனா. சொல்லிட்டுத் தூக்கினு போ."

"மேல் வீட்டுப் பொண்ணோடது" என்றேன்.

மூன்றே வார்த்தை. அவர்கள் என்னைத் தாண்டிப் படியேறினார்கள். நான் படுக்கை விரிப்பை இழுத்து நாயைச் சுற்றி, தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். ஓடும்போது பின்னால், எங்கள் கட்டிடத்துக்குள் காலிங் பெல் அடித்தது. அது நின்றதும் மாமியாரின் குரல், யாரு, என்று கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவடியில் எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. நடக்கும், ஆனால் இழுத்து நடக்கும் என்றார். வாயில் ரத்தம் எங்கிருந்து என்று கேட்டேன். வலியில் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். உயிருக்கு என்ற வார்த்தையை நான் ஆரம்பிப்பதற்குள் தோளில் தட்டினார்.

"உயிருக்கெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பயந்துட்டீங்க. நீங்க சாயங்காலம் கொண்டுவந்திருந்தாலும் இதே கட்டுதான்."

நன்றி சொல்லி நாயை வாங்கிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை இன்றுவரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது மனைவி வந்துவிட்டிருந்தாள். அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். மேலே நடந்ததை அவள்தான் தெரிந்துவைத்திருந்தாள். கதவைத் திறந்தது மாமியார். அந்தப் பெண்ணின் பீரோவில் துப்பட்டாக்களுக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்தது ஒரு கான்ஸ்டபிள். அவள் மருந்துச் சீட்டையும் ஆஸ்பத்திரி ஃபைலையும் காட்டியிருக்கிறாள். சரிபார்க்க வேண்டும் என்று ஃபைல், அட்டைகள், என் கறிவேப்பிலைப் பை, மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன வியாதிக்கு என்று எஸ்.ஐ. கேட்டதும், அவள் பதில் சொன்னதும் மாமியாரின் முன்னிலையில்.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். இருபது நிமிஷத்தை அழுத்திச் சொன்னேன். மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாயா, அந்தப் பொண்ணான்னு அவங்க கேட்டாங்களா?"

"அப்படிக் கேக்கல."

"நீங்க அப்படித்தான் பதில் சொல்லியிருக்கீங்க."

மறுநாள் வரை மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி நகரவில்லை. பையன் பெங்களூரிலிருந்து வரச் சாயங்காலம் ஆகும் என்று தெரிந்தது. சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை எந்தக் கடையிலும் கொடுக்கமாட்டார்கள். சீட்டு ஸ்டேஷனில் இருந்தது. நான் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. வெளியே போயிருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மதியம், சாப்பிடலாம் என்று தட்டை எடுத்தபோது மேலே ஒரு எவர்சில்வர் டம்ளர் விழுந்து உருண்டது. உருண்டு நின்றது. அப்புறம் ஏதோ கனமாக விழுந்தது. அப்புறம் தட்தட்டென்று ஒரு சத்தம், ஒரே சீராக, என் தலைக்கு மேல் தரையில். குதிகால்கள். கட்டுப்போட்டுப் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி, மேலே பார்த்தது. நான் தட்டோடு நின்றேன். ஓடியிருக்க வேண்டும். ஓடினேன், ஆனால் நின்றுவிட்டுத்தான் ஓடினேன். மாமியார் கதவைத் திறந்துவைத்துவிட்டு வெளியே, படியில் நின்றிருந்தார். உள்ளே போகப் பயந்து. அவர் முகத்தைப் பார்த்ததும், வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள் என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள் அவளுடைய அப்பா ஒரு வண்டியோடு வந்தார். பையன் பெட்டிகளைக் கீழே இறக்கிக் கொடுத்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். நெற்றியில் பிளாஸ்டர். ரேக்குக்கு அடியில் குனிந்து நாயின் மடிந்த காதை ஒருமுறை நீவிவிட்டாள். என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் அந்த நேரத்தில் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் யாரும் போலீஸைத் திட்டவில்லை. கிழிந்த பெட்டிகளை என் கண்ணைப் பார்க்காமல் வந்து எடுத்துப்போனார்கள். பால் கொடுக்கும் சாதனத்துக்காரப் பெண் அதை அங்கேயே விட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் எல்லாரும் விலாசத்தை மாற்றிக்கொண்டார்கள். டெலிவரி ஆட்கள் என் வீட்டைத் தாண்டிப் போனார்கள். நான் கடைக்குப் போய் ஒரு ரிஜிஸ்டர் வாங்கி வந்தேன். கோடு போட்டேன். தேதி, பெயர், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. எழுத ஒன்றும் வரவில்லை.

ஃபைலும் மாத்திரையும் மேல் வீட்டுப் பெண் போன பிறகு திரும்பி வந்தன. கொண்டுவந்தது ஏட்டு. ஒரு கையில் கவர், இன்னொரு கையில் நான்கு பொறை, காகிதத்தில் சுற்றி. தகவல் தப்பாக வந்துவிட்டது, மேலேயிருந்து நெருக்குகிறார்கள், எஸ்.ஐ. சின்ன வயசு என்றார். கேட்டுக்கு உள்ளே வந்து நாயைக் கூப்பிட்டு ஒரு பொறையை நீட்டினார். நாய் இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தது. அது அவர் செருப்புவரை ஓடி வந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. பொறையை ரேக்கின் மேல்தட்டில் வைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ அண்ணாத்தே. கேஸ் இல்லதான். ஆனா உன் நம்பரு லிஸ்ட்ல ஏறிட்டு கீது. இதுமாரி பொட்டி எங்கனா மாட்டுச்சுன்னா மொதல்ல உன் ஊட்டுக்குத்தான் வருவாங்கோ. நானே வந்தாலும் வருவேன். பாத்து இருந்துக்கோ."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். லிஸ்டுக்கு நாள் கணக்கு ஏது என்றார்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கேட்டில் பைக் நின்றது. நாய் ரேக்குக்கு அடியில் போய்விட்டது. இப்போது முதுகில் பை மாட்டிய யாரைப் பார்த்தாலும் அப்படித்தான். நான் பூட்டைத் திறக்காமல் கம்பி வழியாகப் பார்த்தேன். உண்மையான டெலிவரி ஆள்தான், பழைய முகம். ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். மேலே என் கதவு எண், என் போன் நம்பர், இரண்டு இனிஷியல், டாக்டர்.

வேண்டாம், திருப்பி அனுப்பிவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். மேல் வீட்டு பால்கனியில் மாமியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையில் கத்தரிக்கோல் இல்லை. நான் கம்பிக்கு நடுவில் கையை விட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்துத்தான் போட்டேன். எடுத்தாள். மாதாமாதம் தானாக வரும்படி போட்டிருந்த ஆர்டர், நிறுத்த மறந்துவிட்டேன் என்றாள். இங்கே அப்பாவே வாங்கிக் கொடுத்துவிடுகிறார் என்றாள். எப்போது திரும்பி வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே, அத்தை இன்னும் ஒண்ணும் சொல்லலை அங்கிள் என்றாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தேன், அந்த ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில். அது கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஜோக்காவது வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

"நாய் எப்படி இருக்கு அங்கிள்?"

"இழுத்துக்கிட்டு நடக்குதும்மா. சாப்பிடுது."

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்து அடங்கியது.

"அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா அது செத்துப்போயிருக்கும்ல?"

ரேக்குக்கு அடியில் பார்த்தேன். வால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"ஆமாம்மா" என்றேன். "செத்துப்போயிருக்கும்."

"அப்பச் சரி அங்கிள்" என்றாள். வைத்துவிட்டாள்.

வெளியே ஒரு பைக் வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. யாரும் பெல் அடிக்கவில்லை. நாய் அந்த வால் நுனியையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பெட்டி என் மடியில் இருந்தது.